மழை ஞாயிறில் ஐயருக்கு வழியனுப்பு ஆராதனை

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். அந்த மாதங்களில் ஓய்வு பெறும் குருவானவரை வழியனுப்பும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் சால்வைக்கும் சாப்பாட்டுக்கும் காட்டும் அக்கறையை, அன்று வரும் ஓய்வுபெற்ற ஐயர்மாரிடம் (குருவானவர்களைச் சபையார் அழைக்கும் பெயர்) காட்டுவதில்லை. கூட ஊழியம் செய்தவரை வழியனுப்ப எழுபது, எண்பது வயதில் மழையில் கிளம்பி வருகிறவர்கள் அவர்கள்.

மூத்த ஐயரை அழைக்கும்போதே மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள்: அங்கி வேண்டுமா, ஸ்டோல் (அங்கிமேல் தோளில் போடும் நீண்ட பட்டை) என்ன நிறம், ஆராதனையில் அவருக்கு என்ன பங்கு. நவம்பர் 27 முதல் டிசம்பர் 3-க்குள் வரும் ஞாயிறில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான அட்வெந்து தொடங்கும். அன்றிலிருந்து ஊதா, அதற்கு முந்தைய வாரங்களில் பெரும்பாலும் பச்சை. வெள்ளை அங்கியை உடுத்திக்கொண்டே வந்தால் ஓரமெல்லாம் சேறாகும். பிளாஸ்டிக் உறையில் கொண்டுவந்து வெஸ்ட்ரியில் (ஐயர்மார் உடைமாற்றும் அறை) மாற்றிக்கொள்ளட்டும். "ஐயா, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று மேடையில் திடீரென்று மைக்கை நீட்டாதீர்கள். முடிவு ஜெபமோ வேதபாடமோ, எதுவானாலும் ஒரு வாரம் முன்பே சொன்னால் ஆயத்தமாக வருவார்.

மழை பெய்தால் வெளியே பவனி வேண்டாம். வெஸ்ட்ரியிலிருந்து உள்வழியாகவே வரலாம். வாசலில் தேங்காய்நார் மிதியடி இரண்டு, குடை வைக்க பெரிய வாளிகள், ஈரம் துடைக்க ஒரு ஆள். மொசைக் தரையில் நாலு சொட்டு நீர் போதும், இடுப்பெலும்பு போய்விடும். பலிபீடப் படியில் கைப்பிடி இல்லையென்றால் இரண்டு வாலிபர்களை நிறுத்துங்கள். முழங்காலிட முடியாதவர்களுக்கு திருவிருந்தின் அப்பமும் திராட்சை ரசமும் இருக்கைக்கே போகட்டும். சிறு கிண்ணத்துக்கு 5 மி.லி. என்றால் 300 பேருக்கு ஒன்றரை லிட்டர் ரசம் வேண்டும். ஈரக்காற்றில் அப்பம் நமுத்துவிடும், கடைசி நேரம்வரை இறுக மூடிய டப்பாவில் இருக்கட்டும்.

ஆம்ப்ளிஃபயரைத் தரையில் வைக்காமல் மர பெஞ்சில் ஏற்றுங்கள். ஒயர் இணைப்பு எதுவும் வாசல் பக்கம் கிடக்கக் கூடாது. நனையாமலிருக்க ஜெனரேட்டரைத் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுவார்கள். அந்தப் புகை உயிரை எடுக்கும். தகரக் கூரை போட்டு வெளியிலேயே தள்ளி நிறுத்துங்கள்.

வாழ்த்துரைகளைப் பிரசங்கத்துக்கும் திருவிருந்துக்கும் நடுவில் செருகுவது பெரிய தவறு. ஆராதனை கடவுளுக்கு உரியது. ஆசீர்வாதம் கூறி முடித்தபின் தனிக் கூட்டமாக வையுங்கள். ஆறு பேர், ஆளுக்கு மூன்று நிமிடம். பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் சங்கம், பாடகர் குழு எல்லாரும் சேர்ந்து ஒரே சால்வை போர்த்தினால் போதும். ஐயரின் மனைவியான ஐயரம்மாவையும் பெயர் சொல்லி மேடைக்கு அழைக்க வேண்டும். குருமனையின் பாதி ஊழியம் அவர்களுடையது.

யாரும் பேசாத வேலை ஒன்று உண்டு: பதிவேடுகள். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றிலும் விடுபட்ட கட்டங்களை முந்தின வாரமே நிரப்பிவிட வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, திருமணத்தை நடத்திவைத்த குருவானவரே பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். அதை விட்டுவிட்டால், பின்னாளில் பாஸ்போர்ட்டுக்கோ விசாவுக்கோ சான்றிதழ் கேட்டு வருகிறவர்கள் அலைவார்கள். பதிவேடுகள், கணக்குப் புத்தகங்கள், திருவிருந்துப் பாத்திரங்கள், சாவிகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, இரண்டு பிரதிகளிலும் ஓய்வு பெறும் ஐயரும் பொறுப்பேற்கும் ஐயரும் சபைச் செயலரும் கையெழுத்திடட்டும்.

அசனத்துக்கு (சபையார் சேர்ந்து உண்ணும் விருந்து) துணிப் பந்தல் போட்டால் நடுவில் நீர் தேங்கித் தொங்கி, இலைமேல் கொட்டும். சரிவான தகரப் பந்தலே தாங்கும். ஆளுக்கு 125 கிராம் அரிசி என்றால் 300 பேருக்கு முப்பத்தேழரைக் கிலோ. ஈர விறகை நம்பாமல் கேஸ் அடுப்பு வையுங்கள். மூத்த ஐயர்மாரை முதல் பந்தியிலேயே உட்கார வைத்து, இருட்டுமுன் காரில் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுங்கள். அவர்களில் யாருடைய ஐயரம்மாவாவது உடல்நலமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டால், அவருக்கு ஒரு தூக்குச் சட்டியில் சோறும் குழம்பும் கொடுத்தனுப்புங்கள்.