மரபுச் சின்னத்துக்கு மொபைல் கேம் செய்கிறீர்களா? இவற்றைத் தவிருங்கள்

மாமல்லபுரம் மாதிரி இடங்களுக்கு கேம் செய்ய இறங்கும் இளைஞர்கள் அவ்வப்போது என்னிடம் டெமோ காட்டுகிறார்கள். எழுத்துப்பிழை, திறக்கத் தாமதம் இதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். சொல்ல வேண்டியவை வேறு.

அசல் எதிரில் இருக்க நகலைக் காட்டுவது

மாமல்லபுரத்தின் பெரிய பாறைச் சிற்பமான அர்ச்சுனன் தபசு முன்னால் ஒரு குழுவின் கேமைச் சோதித்துப் பார்த்தோம். அதே பாறை முப்பரிமாணத்தில் திரையில் சுழல்கிறது; யானையைத் தொட்டால் காசு விழுகிறது. பிள்ளைகள் காசைச் சேர்த்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடிவிட்டார்கள். ஒரு பிள்ளைகூடப் பாறையை நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி அந்த முப்பரிமாண உருவத்துக்கே போயிருந்தது. நினைத்தால் இன்றும் எரிச்சலாக வருகிறது. சிற்பியின் உளி பட்ட கல் கண்ணெதிரே நிற்கும்போது பொம்மைக்கு ஏன் அவ்வளவு செலவு?

கேள்வி திரையில் இருக்கட்டும், விடை கல்லில் இருக்க வேண்டும். பெரிய யானையின் தந்தத்துக்குப் பக்கத்தில் ஒரு பூனை பின்னங்கால்களில் நிமிர்ந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கியபடி நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள். ‘இந்தப் பூனை யாரைப் பார்த்து இப்படி நிற்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். பிள்ளைகள் பாறை முழுக்கத் தேடுவார்கள். பாறையின் நடுவிலுள்ள பிளவுக்கு இடப்புறம், மேலே, ஒற்றைக்காலில் கை உயர்த்தி நிற்கும் தவசியைக் கண்டதும் பூனையின் கள்ளத்தவம் அவர்களுக்கே புரிந்துவிடும். இதற்கு அனிமேஷனே தேவையில்லை.

ஒரே விடைக்கு மட்டும் மதிப்பெண்

அந்தத் தவசி சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டும் அர்ச்சுனனா, கங்கையைக் கொண்டுவரும் பகீரதனா? அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். பிளவில் நீந்தும் நாகர்களைக் காட்டி, அந்தப் பிளவுதான் கங்கையா என்று பார்ப்பவரையே வாதாட விடுங்கள்.

ஜிபிஎஸ்

பக்கத்துப் பக்கத்துச் சிற்பங்களைப் பிரித்துக்காட்ட அதை நம்பாதீர்கள்.

வெயில்

திரை கண்ணுக்குத் தெரிகிறதா என்று நண்பகலில், பாறை முன்னால் நின்று சோதியுங்கள்.

வாசலில் டவுன்லோட்

குடும்பத்தோடு டிக்கெட் வரிசையில் நிற்பவர் பெரிய கேமை இறக்க மாட்டார். நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் 2017-இல் வெளியிட்ட கேமை வீட்டிலேயே ஆடலாம். நேரில் போனால் கூடுதல் பகுதிகள் திறக்கும். பின்பற்ற வேண்டிய வழி.

எல்லா இடத்தையும் களமாக்குவது

2016-இல், நிஜ இடங்களில் நடந்து திரிந்து ஆடும் கைபேசி கேமான போகிமான் கோ ஆட வந்தவர்களிடம், இங்கே வேண்டாம் என்று வாஷிங்டனிலுள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்க 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டது. அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்திலேயே தலசயனப் பெருமாள் கோயில் வழிபாட்டில் இருக்கிறது. வரைபடம் போடும்போதே அதை ஆட்டத்துக்கு வெளியே விட்டுவிடுங்கள்.