விஸ்கி இல்லாத ஓல்ட் ஃபேஷன்ட்: நன்னாரியும் ஜின்னும்

ஓல்ட் ஃபேஷன்ட் என்ற காக்டெயிலில் விஸ்கி, சர்க்கரை, பிட்டர்ஸ் (மூலிகை ஊறிய கசப்புச் சாறு), ஐஸ், அவ்வளவுதான். விஸ்கி இருக்கும் இடத்தில் ஜின்னை ஊற்றினால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முதல் டம்ளரில் மீன் வாடை!

ஒருவருக்கு ஜின் 60 மி.லி., நன்னாரி சர்பத் 7 மி.லி., அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு உதறல், கமலா ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல். அளக்க இருமல் மருந்தோடு வரும் மூடியே போதும். ஜின் லண்டன் டிரையாக, அதாவது இனிப்பில்லாத வகையாக இருக்கட்டும். பழ வாசனை சேர்த்த கலர் ஜின் எனக்கு ஆகாது.

நன்னாரி எதற்கு? விஸ்கி ஓக் பீப்பாயில் கிடப்பதால் அதில் வனிலின், அதாவது வனிலாவுக்கு மணம் தரும் பொருள், இறங்குகிறது. ஜின்னுக்குப் பெரும்பாலும் பீப்பாய் கிடையாது. நன்னாரி வேரின் மணம் வனிலினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரியான ஒரு சேர்மத்திலிருந்து வருவது. அந்தக் குறையை அது பாதியாவது ஈடுகட்டும்.

இனி ஐஸ். என்னைக் கவிழ்த்தது இதுதான். சென்னை ராயபுரத்தில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க காசிமேடு போகாமல் முடியுமா? ஃப்ரீசரில் வஞ்சிரம், பக்கத்திலேயே திறந்த ஐஸ் ட்ரே. ஐஸ் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். விஸ்கி அதை எப்படியோ மூடி மறைத்துவிடும், ஜின் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவில் கேன் தண்ணீரை முக்கால் அளவு ஊற்றி, ஒரு ராத்திரி முழுக்க உறைய விடுங்கள். உறையும்போது தண்ணீர் விரியும், விளிம்பு வரை ஊற்றினால் மூடி தூக்கிக்கொள்ளும். டப்பாவை வெளிப்பக்கமாகக் குழாயில் காட்டினால் ஒரே கட்டியாகக் கழன்று வரும். கட்டி டம்ளருக்குள் போகிற அளவா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள், நான் பார்க்கவில்லை. மீனுக்குப் போடும் ஐஸ் பாரை உடைத்து வரலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம், அது குடிக்கிற ஐஸ் இல்லை.

அப்புறம் எல்லாம் சுலபம். டம்ளரில் சர்பத், பிட்டர்ஸ், ஜின் மூன்றையும் கலந்து, ஐஸ் கட்டியை இறக்கி, ஸ்பூனால் முப்பது விநாடி சுற்றுங்கள். கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால்தான் ஜின்னின் காரம் அடங்கும். ட்ரேயின் சின்னக் கட்டிகள்தான் இருக்கிறதென்றால் பதினைந்தோடு நிறுத்துங்கள். நம்ம ஊர் மே மாதத்தில் அதற்குமேல் போனால் நீர்மோர்தான். ஆரஞ்சுத் தோலைக் காய் சீவும் பீலரால் மெல்லிசாக எடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை கசக்கும். டம்ளருக்கு மேலே பிழிந்து எண்ணெய் தெறிக்கவிட்டு, உள்ளே போடுங்கள்.

பின்சேர்க்கை: புளிக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். சர்பத் பாட்டில் லேபிளைப் பாருங்கள், சிட்ரிக் ஆசிட் இருக்கும். வேரை வாங்கித் தட்டி, வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, அதே அளவு சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிக்கொள்ளுங்கள். இது கடைச் சர்பத்தைவிட நீர்ப்பாக இருக்கும், 10 மி.லி. ஊற்றலாம்.