டர்பனில் முதல் தடவை ஓட்டுப் போடுகிறீர்களா? பட்டியலிலிருந்து தொடங்குங்கள்

தென்னாப்பிரிக்காவில் கடைசி உள்ளாட்சித் தேர்தல் 2021 நவம்பர் 1 அன்று நடந்தது. ஐந்து வருடம் முடிந்ததும் 90 நாளுக்குள் அடுத்ததை நடத்தியாக வேண்டும் என்பது சட்டம். சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், டோங்காட், வெருலம் பக்கம் இருக்கிற, இதுவரை ஓட்டுப் போடாத பிள்ளைகளுக்காகவும், ஓட்டுப் போட்டு ரொம்ப நாளான பெரியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தேர்தல் நாளில் நடப்பதெல்லாம் சுலபம். ஓட்டைக் கோட்டைவிடுவது அதற்குப் பல மாதம் முன்னால், வாக்காளர் பட்டியலில்தான். டர்பன் இருக்கிற நேட்டாலில் நம் முன்னோரின் ஓட்டும் பட்டியலில்தான் போனது. தங்கள் நாட்டில் நாடாளுமன்றத் தேர்தல் முறை இல்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1896-ல் ஒரு சட்டம் போட்டார்கள். இந்தியர் என்ற பேச்சே இல்லாமல் நம்மை வெளியே நிறுத்திவிட்டார்கள். 1924-ல் நகரசபைத் தேர்தலிலும் இந்தியர் யாரும் புதிதாகச் சேர முடியாதபடி கதவைச் சாத்தினார்கள். 1984-ல் இந்தியருக்கென்று தனி அவை அமைத்து ஓட்டு நீட்டியபோது, கறுப்பின மக்களுக்கு இல்லாத ஓட்டு எங்களுக்கு எதற்கு என்று பெரும்பாலோர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். எல்லோரும் ஒரே வரிசையில் நின்றது 1994 ஏப்ரலில். அதனால்தான் பட்டியலைப் பார்ப்பதை முதல் வேலையாக வைக்கிறேன்.

படி 1: பெயர் இருக்கிறதா, எங்கே இருக்கிறது?

உங்கள் 13 இலக்க ஐடி எண்ணை 32810 என்ற எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ஒரு ராண்ட் ஆகும். நீங்கள் பதிவு செய்திருக்கிறீர்களா, எந்த வாக்குச்சாவடி என்று பதில் வரும். தேர்தல் ஆணையத்தின், அதாவது ஐஈசியின், இணையதளத்திலும் பார்க்கலாம். 0800 11 8000 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

பதிலில் வருகிற வாக்குச்சாவடியின் பெயரை நின்று நிதானமாகப் படியுங்கள். “பெயர் இருக்கிறது, சரி” என்று போனை வைத்துவிடாதீர்கள். சாட்ஸ்வொர்த்தில் பதிவு செய்துவிட்டு, கல்யாணம் ஆகி வெருலத்துக்குப் போன பெண்ணின் பெயர் பழைய பள்ளிக்கூடத்திலேயே இருக்கும். உள்ளாட்சித் தேர்தலில் பதிவான இடத்தில் மட்டும்தான் ஓட்டுப் போட முடியும். நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு வேறு இடத்தில் போடலாம்; அந்த வசதி இதற்குக் கிடையாது. வீடு மாறியிருந்தால் புது முகவரியில் மறுபடி பதிவு செய்யுங்கள். பழைய பதிவு தானாக நீங்கிவிடும்.

படி 2: பதிவு

தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்தான் ஓட்டு. நிரந்தர வதிவிட அனுமதி மட்டும் வைத்திருப்பவர்கள் சேர முடியாது. 16 வயதிலேயே பதிவு செய்துகொள்ளலாம், ஓட்டு 18-ல். வீட்டில் பதினோராம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருந்தால் இப்போதே உட்காரவைத்துப் பதிவு செய்துவிடுங்கள். பிறகு மெட்ரிக், காலேஜ், வேலை என்று நாள் ஓடிப்போகும்.

கையில் இருக்க வேண்டியது பார்கோடு உள்ள பச்சை ஐடி புத்தகம், ஸ்மார்ட் ஐடி கார்டு, ஹோம் அஃபேர்ஸ், அதாவது உள்துறை அலுவலகம், கொடுக்கிற தற்காலிக அடையாளச் சான்றிதழ், இவற்றில் ஏதாவது ஒன்று. டிரைவிங் லைசென்ஸ் செல்லாது. ஐடி தொலைந்திருந்தால் உடனே ஹோம் அஃபேர்ஸ் போய்விடுங்கள், தேர்தல் நெருங்க நெருங்க அங்கே கூட்டம் ஏறிக்கொண்டே போகும்.

பதிவை இணையத்திலேயே முடிக்கலாம். அங்கே ஒரு வரைபடம் வரும். உங்கள் வீடு எங்கே என்று அதில் நீங்களே புள்ளி வைக்க வேண்டும். பொறுமையாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். சாட்ஸ்வொர்த்தில் எண் வைத்த ரோடுகள் பலவற்றுக்குப் பின்னால் பெயர் வைத்தார்கள், பழைய எண்ணில் தேடினால் கிடைக்காமல் போகலாம். வரைபடத்தை நன்றாகப் பெரிதாக்கி, பக்கத்துக் கோயிலையோ பள்ளிக்கூடத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு உங்கள் கூரையின் மேலேயே புள்ளியை வையுங்கள். வார்டு எல்லை சில இடங்களில் ரோட்டின் நடுவில் ஓடும். எதிர் வரிசையில் வைத்துவிட்டால் வேறு வார்டுக்குப் போய்விடுவீர்கள்.

அவுட்பில்டிங்கில் வாடகைக்கு இருப்பவர்கள், “என் பேரில் லைட் பில் இல்லையே” என்று தயங்குவதைப் பார்க்கிறேன். முகவரிக்கு ஆதாரம் எதுவும் கேட்க மாட்டார்கள். எங்கே குடியிருக்கிறீர்கள் என்று சொன்னால் போதும்.

இணையம் வராதவர்கள் பதிவு வார இறுதியில் தங்கள் வாக்குச்சாவடிக்கு நேரில் போகலாம். எப்படிச் செய்தாலும், தேர்தல் தேதி அரசிதழில் வருவதற்குள் முடித்துவிடுங்கள். அன்றோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும்.

படி 3: வீட்டில் நடக்க முடியாதவர்கள் இருந்தால்

தாத்தா, ஆயா, உடல் ஊனமுற்றவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள், இவர்களுக்காகச் சிறப்பு வாக்கு இருக்கிறது. விண்ணப்பித்தால் தேர்தலுக்கு முந்தைய நாட்களில் அதிகாரிகள் வீட்டுக்கே வருவார்கள். அதற்கான தேதிகளை ஆணையம் அறிவிக்கும், அந்த நாட்களுக்குள் கேட்டால்தான் உண்டு. தேர்தல் அன்று வேலையோ பயணமோ இருப்பவர்களும் விண்ணப்பித்துவிட்டு, தங்கள் வாக்குச்சாவடியில் முன்னாலேயே போட்டுவிடலாம்.

படி 4: இரண்டு சீட்டு, இரண்டு வேலை

டர்பன் அடங்கிய எதெக்வினி மாநகராட்சியில் 2021 தேர்தலில் 111 வார்டுகள், 222 உறுப்பினர்கள். பாதிப் பேர் வார்டுகளிலிருந்து, மீதிப் பேர் கட்சிப் பட்டியல்களிலிருந்து. அதனால் உங்கள் கையில் இரண்டு சீட்டு வரும். ஒன்று வார்டுச் சீட்டு. அதில் உங்கள் வார்டில் நிற்கிற ஆட்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், சுயேச்சைகளும் அதில் இருப்பார்கள். இன்னொன்று கட்சிச் சீட்டு. ஒரு கட்சிக்கு இரண்டு சீட்டிலும் விழுந்த ஓட்டைக் கூட்டித்தான் மன்றத்தில் அதற்கு எத்தனை இடம் என்று கணக்குப் போடுவார்கள். வார்டில் ஜெயித்ததைக் கழித்து, மீதியைக் கட்சிப் பட்டியலிலிருந்து நிரப்புவார்கள். ஆகவே உங்கள் கட்சிக்காரர் வார்டில் தோற்றாலும் அந்த ஓட்டு கணக்கில் நிற்கும். வார்டில் வேலை செய்கிற ஒரு ஆளுக்கும், கட்சிச் சீட்டில் வேறு கட்சிக்கும் போடலாம், தப்பே இல்லை.

இது சின்னத் தேர்தல் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, டோங்காட்டில் பல மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை. தண்ணீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் இந்த மன்றத்தின் பொறுப்பு.

படி 5: அந்த நாள்

காலை 7 மணிக்குத் திறந்து இரவு 9 மணிக்கு மூடுவார்கள். 9 மணிக்கு நீங்கள் வரிசையில் நின்றால் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. உள்ளே ஐடியைப் பார்த்து, பட்டியலில் பெயரைச் சரிபார்த்து, இடது கட்டைவிரலிலும் நகத்திலும் மை வைப்பார்கள்.

சீட்டை வாங்கியதும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் முத்திரை இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே கேளுங்கள், முத்திரை இல்லாத சீட்டை எண்ண மாட்டார்கள். தடுப்புக்குள் போய் ஒரு சீட்டுக்கு ஒரே ஒரு கட்டத்தில் பெருக்கல் குறி போடுங்கள். கையெழுத்து வேண்டாம், பெயர் வேண்டாம். நீங்கள் யார் என்று தெரிகிற மாதிரி எது எழுதினாலும் சீட்டு தள்ளுபடி. குறி போட்ட சீட்டைப் போனில் படம் எடுப்பது குற்றம், பிள்ளைகளிடம் இதை முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

தவறான கட்டத்தில் போட்டுவிட்டால் பதற வேண்டாம். பெட்டியில் போடுவதற்கு முன் அதிகாரியிடம் கொடுத்து வேறு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். படிக்க முடியாதவர்கள் கேட்டால் அங்கிருக்கும் அதிகாரியே உதவுவார். பார்வையற்றவர்களும் உடல் ஊனமுற்றவர்களும் 18 வயது நிரம்பிய, தாங்கள் நம்புகிற ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போகலாம். துணைக்கு வருகிறவர் வேட்பாளராகவோ கட்சி ஏஜெண்டாகவோ இருக்கக் கூடாது. பார்வை இல்லாத ஆயாவுக்குத் துணைக்குப் போகிறவர் ஆயா சொன்ன கட்டத்தில் மட்டும் குறி போட வேண்டும். அங்கே நின்று யோசனை சொல்லக் கூடாது.

அப்புறம், குறி உள்ளேயும் முத்திரை வெளியேயும் இருக்கும்படி மடித்து, முத்திரையை அதிகாரிக்குக் காட்டிவிட்டுப் பெட்டியில் போடுங்கள். இரண்டு சீட்டும் போட்டாச்சா என்று ஒரு தடவை கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணுவதும் அதே இடத்தில்தான். எண்ணி முடித்ததும் முடிவை வாசலில் ஒட்டுவார்கள், உங்கள் சாவடியில் யாருக்கு எத்தனை விழுந்தது என்று போய்ப் பார்க்கலாம்.