கிராண்ட் பியானோவுக்கு இரண்டு மைக் வைக்கும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் அஸ்தம்பட்டியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் கிராண்ட் பியானோ இருக்கிறதாம். அதை ரெக்கார்டு செய்துவிட்டு, என்னிடம் ஒரு தடவை போட்டுக் காட்டலாம் என்று வந்திருந்தார்கள். ஒரு மைக் கம்பிகளைத் தட்டும் ஹேமர்களுக்கு மேலே, இன்னொன்று பியானோவின் வால் பக்கம். "ஹெட்போன்ல கேளுங்கண்ணா, செமயா விரியுது."

விரியத்தான் செய்தது. நான் இடது வலது இரண்டையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும் மோனோ பட்டனை அமுக்கினேன். நடுக் கட்டைகளில் நாலைந்து நோட் மட்டும், யாரோ மேலே ஜமுக்காளத்தைப் போட்டது போல உள்ளே போய்விட்டது. இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. எரிச்சல் அவர்கள் மேல் இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அதே மலையில் அதே வேலையைச் செய்தவன் நான்.

ஃபேனை நிறுத்துங்கள், போனை வெளியே வையுங்கள், பேன்டம் பவரைப் போடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மோனோவில் கேட்காமல் ஸ்டாண்டை மடிப்பது

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஓய்வுபெற்ற மியூசிக் டீச்சர் ஒருவர், எழுபது தாண்டியவர். ஊருக்கே அவர் 'மிஸ்', எனக்கும் மிஸ்தான். வருடத்துக்கு ஒரு முறை பெங்களூரிலிருந்து டியூனர் வருவார். அவர் வந்துபோன மறுநாள் ரெக்கார்டிங் வைத்துக்கொண்டோம். இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டும் வரை மைக் பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை, அவ்வளவு கவனம்.

எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கும் ஆம்னி மைக் இரண்டு. ஒன்றை மேல் கட்டைகளின் ஹேமர்களுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் வைத்தேன். மற்றதை அடிக் கட்டைகளின் தடித்த கம்பிகள் குறுக்கே ஓடுகிற இடத்தில். ஒன்றை முழுக்க இடது, ஒன்றை முழுக்க வலது. ஹெட்போனில் பியானோ அறை அளவுக்கு இருந்தது. மிஸ் ஒன்றரை மணி நேரம் வாசித்தார். கீழே இறங்கி, அடிவாரத்தில் தட்டுவடை செட் வாங்கிக் கொண்டாடினேன்.

இரண்டு மாதம் கழித்து, சேலத்தில் ஒரு மண்டபத்தில் பழைய மாணவர்கள் அவருக்கு விழா எடுத்தார்கள். என் ரெக்கார்டிங்கைப் போட்டார்கள். மண்டபத்து ஸ்பீக்கர்கள் வழக்கம்போல மோனோ. மெலடி போகிற நடுப்பகுதியில் ஒரு நோட் முட்டிக்கொண்டு வருகிறது, அடுத்தது காணாமல் போகிறது. மிஸ் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்: "என் பியானோவுக்கு ஜலதோஷமா தம்பி?"

காரணம் எளிய கணக்குதான். ஒலி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு நடுக் கட்டையின் கம்பியிலிருந்து ஒரு மைக் 40 செ.மீ, மற்றது 74 செ.மீ தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். இரண்டாவது மைக்குக்கு ஒலி ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச்சேரும். இரண்டையும் ஒன்றாகக் கூட்டினால் 500 ஹெர்ட்ஸில் ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். 1500-லும் 2500-லும் அதே கதி. நடு ஸி-க்கு மேலே வரும் பி நோட் 494 ஹெர்ட்ஸ், அதாவது நேராகப் பள்ளத்தில் விழுகிறது. தூரத்து மைக்கில் சத்தம் கொஞ்சம் குறைவு என்பதால் முழுதாக அழியாது. ஆனாலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கிட்டத்தட்ட 10 டெசிபல் வித்தியாசம் வரும். விரல் சரியாகத்தான் அழுத்தியது, நோட்தான் காணவில்லை.

சரி, ஒரு ட்ராக்கைக் கொஞ்சம் முன்னே இழுத்துவிட்டால் ஆயிற்றே என்று நானும் ஒரு வாரம் உட்கார்ந்தேன். இதில்தான் பியானோ நம்மை ஏமாற்றுகிறது. பாட்டு ஒரே வாயிலிருந்து வருகிறது, தாமதத்தைச் சரி செய்துவிடலாம். 88 கட்டைகளோ சுமார் 122 செ.மீ அகலத்தில் பரந்து கிடக்கின்றன. ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு மைக்குக்கான தூர வித்தியாசம் வேறு வேறு. பி நோட்டைக் காப்பாற்றினால் கீழே ஜி போய்விடும். குறிப்பிட்ட அதிர்வெண்ணை ஏற்றி இறக்கும் ஈக்யூவும் உதவாது, ஒரு நோட்டுக்கு மருந்து கொடுத்தால் பக்கத்து நோட்டுக்கு வலிக்கும்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி ரெக்கார்டு செய்யலாம் என்று கேட்டபோது, மிஸ் மகளோடு இருக்க வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தார். பியானோவுக்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. அன்றைக்கு ஒரு பட்டனை மூன்று நிமிடம் அமுக்கியிருந்தால் போதும் என்று நினைக்கும்போது இன்னும் பல்லைக் கடிக்கிறேன்.

இப்போது நான் செய்வது: மைக் வைத்தவுடன் மானிட்டரை மோனோவுக்கு மாற்றுவேன். வாசிப்பவரிடம் அடிக் கட்டையிலிருந்து கடைசிக் கட்டை வரை, கறுப்பு வெள்ளை ஒன்று விடாமல், ஒரே அழுத்தத்தில் மெதுவாகப் போகச் சொல்வேன். ஏதாவது நோட் துள்ளினாலோ அமுங்கினாலோ ஒரு மைக்கை மூன்று விரற்கடை நகர்த்தி மறுபடி முதலிலிருந்து. அப்புறம் ஒரு சேனலில் ஃபேஸ் பட்டனைத் தட்டிப் பார்ப்பேன். தட்டினால் மோனோவில் ஒலி மெலிய வேண்டும். தடித்தால் கேபிளிலோ மைக் வைத்த இடத்திலோ கோளாறு. வாசிப்பவர் அலுத்துக்கொள்வார், அலுத்துக்கொள்ளட்டும்.

மூன்றுக்கு ஒன்று விதியை இங்கே கொண்டுவருவது

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. அது இரண்டு பேர் ஆளுக்கொரு மைக்கில் பேசும்போது, ஒருவர் குரல் மற்றவர் மைக்கில் கசியாமல் இருக்கச் சொன்னது. ஒரே பியானோவைப் பார்க்கும் ஸ்டீரியோ ஜோடிக்கு அதில் வேலை இல்லை. நான் மிஸ் வீட்டில் மைக்குகளை அவ்வளவு தள்ளி வைத்ததற்கே இந்த விதியைத் தப்பாகப் படித்ததுதான் காரணம்.

எக்ஸ்-ஒய் பத்திரம் என்று அதோடு நின்றுவிடுவது

முன்பக்கம் அதிகமாகக் கேட்கும் கார்டியாய்டு மைக் இரண்டின் தலையும் ஒன்றின் மேல் ஒன்று, இடையில் 90 பாகை. தூர வித்தியாசம் இல்லை, மோனோவில் எதுவும் தொலையாது. ஆனால் பியானோவின் நடுப்பகுதியை இரண்டு மைக்குமே 45 பாகை சாய்ந்துதான் பார்க்கின்றன. மலிவான மைக் என்றால் அங்கே பளபளப்பு குறையும். அகலமும் குறைவு. பாட்டுக்குப் பின்னால் வரும் பியானோ என்றால் எனக்குச் சம்மதம். தனியாக வாசிக்கிற பியானோவுக்குச் சப்பென்று இருக்கும்.

ஓஆர்டிஎஃப்-ஐக் கண்ணளவில் வைப்பது

இரண்டு கார்டியாய்டை வெளிப்பக்கம் திருப்பி வைக்க பிரெஞ்சு வானொலிக்காரர்கள் கொடுத்த அளவு 17 செ.மீ, 110 பாகை. நம் இரண்டு காதுக்கு நடுவே உள்ள தூரத்துக்குப் பக்கத்தில் வரும். இந்த 17 என்பது மைக் தலைக்கும் தலைக்கும் இடையே. சிலர் மைக்கின் பின்பக்கத்தில் அளந்துவிடுகிறார்கள்! இஞ்ச் டேப் மலிவாகவே கிடைக்கிறது.

என் கை முதலில் போவது இதற்குத்தான். மூடியை முழுதாகத் தூக்கி, வளைவுக்கு எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி, மூடிக்கு அடியில் கம்பிகள் தெரிகிற உயரத்தில் வைப்பேன். மைக்குகளுக்கு நடுவே 17 செ.மீ-தான் என்பதால் எந்தக் கட்டைக்கும் தூர வித்தியாசம் அதைத் தாண்டவே முடியாது. அந்தத் தூரத்தில் பியானோவின் ஓரங்களுக்கே 10 செ.மீ சுற்றித்தான் வரும். அதனால் மோனோவில் வரும் பள்ளம் நடுக் கட்டைகளின் அடிப்படைச் சுருதியைத் தொடாது.

மிட்-சைடில் மிட் மைக்கைக் கவனிக்காதது

பியானோவை நேராகப் பார்க்கும் மைக் மிட், பக்கவாட்டில் திரும்பியது சைடு. மோனோவில் சைடு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், மிஞ்சுவது மிட் மட்டும். அதைத் தனியாகக் கேட்டு, பியானோ மாதிரி இருந்தால்தான் சைடைத் திறக்க வேண்டும்.

சின்ன அறையில் ப்ளூம்லைன்

ஆலன் ப்ளூம்லைன் 1931-லேயே காப்புரிமைக்கு எழுதிக்கொடுத்த யோசனை. எட்டு வடிவ மைக் இரண்டு, 90 பாகையில். நல்ல ஹாலில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் முன்னால் கேட்கிற அளவுக்குப் பின்னாலும் கேட்கும். பின்னால் இருப்பது வெறும் சுவரும் கண்ணாடி ஜன்னலும் என்றால் அதையும் சேர்த்துத்தான் ரெக்கார்டு செய்வீர்கள்.

டியூனரை முந்தின மாதம் கூப்பிடுவது

ஏற்காட்டு ஈரத்தில் பியானோவின் ஒலிப்பலகை உப்பும், சுருதி ஏறும், அதுவும் நடுப்பகுதியில் அதிகமாக. முந்தின நாள் கூப்பிடுங்கள்.

இரண்டு வேறு மைக்

ஜோடி என்றால் ஒரே மாடல். அவ்வளவுதான்.

தகரக் கூரை

மழைக் காலத்தில் மதியத்துக்கு மேல் தேதி கொடுக்காதீர்கள்.

பையன்கள் ஞாயிற்றுக்கிழமை இஞ்ச் டேப்போடு மறுபடி மலையேறினார்கள். ராத்திரி ஒரு ஃபைல் அனுப்பினார்கள். என் பழைய போனின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்டேன். பி நோட் இருந்தது, ஜி-யும் இருந்தது. இடையிடையே பெடல் மட்டும் கிறீச்சென்றது. தேங்காய் எண்ணெய் விட்டுவிடப் போகிறார்கள் என்று உடனே போன் செய்தேன்.