வயசான எலியோடு குட்டிகளைச் சேர்க்கும் விதம்

வாங்குவதென்றால் இரண்டு குட்டியாக வாங்குங்கள். ஒற்றைக் குட்டி வந்தால், விளையாட ஆள் இல்லாமல் பெரியதின் உயிரை எடுத்துவிடும். எங்கள் வளர்ப்பு எலி செல்லாயிக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது, பின்னங்கால்களில் வலு இல்லை. குட்டிகள் தங்களுக்குள் துரத்திக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம்.

கடைக்காரர் ‘எல்லாம் பெண்தான்’ என்பார். வாலைத் தூக்கி நீங்களே பாருங்கள். ஐந்து வார வயதிலேயே சினைப்படலாம், அப்புறம் மூன்று வாரத்தில் கூண்டு நிறையக் குட்டிதான்.

வந்ததும் இரண்டு வாரம் வேறு அறை. தும்மல், மூச்சில் கரகரப்பு வருகிறதா என்று கவனியுங்கள். மைக்கோப்ளாஸ்மா என்ற கிருமியால் வரும் மூச்சுத் தொற்று எலிகளிடம் சகஜம். எப்போதும் பழையதைக் கவனித்துவிட்டுத்தான் புதியவற்றிடம் போக வேண்டும், கையும் கழுவ வேண்டும். பிறகு ஒரு சாண் இடைவெளி விட்டுக் கூண்டுகளைப் பக்கத்தில் வைத்து, படுக்கும் துணிகளை மாற்றிப் போடுங்கள். எலிக்குக் கண் மந்தம், எல்லாமே மூக்குதான்.

முதல் சந்திப்பு செல்லாயியின் கூண்டில் கூடவே கூடாது. அவள் போகாத குளியலறையில் தரையைக் காயவிட்டு, துவைத்த துண்டு விரித்து, தண்ணீர் போகும் துளையை அடைத்துவிட்டு விடுவேன். பெரியது குட்டியை மல்லாக்கப் புரட்டிப்போட்டு அமுக்கும், குட்டி கீச்சென்று கத்தும். தூக்கிவிடக் கை பரபரக்கும், பேசாமல் இருங்கள். யார் பெரியவர் என்று அவர்கள் தீர்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, முதுகை வளைத்து, பக்கவாட்டில் நகர்ந்து வந்தால்தான் வம்பு. அப்போதோ, ரத்தம் பார்த்தாலோ, தடித்த துண்டைப் போட்டு அவற்றைப் பிரித்துவிடுங்கள். வெறுங்கையை நடுவில் விட்டால் கடி உங்களுக்குத்தான். முரட்டு ஆண் எலி என்றால், குட்டிக்கு எட்டு வாரமாவது ஆகட்டும்.

ஒரே கூண்டுக்கு மாற்றுமுன் வினிகர் கலந்த தண்ணீரில் கம்பி கம்பியாகத் துடைத்து, உள்ளே இருக்கும் சாமான்களை இடம் மாற்றுங்கள். ஒற்றை வாசல் வைத்த பெட்டி வேண்டாம், மூலையில் மாட்டிக்கொண்ட குட்டிக்கு ஓட வழி இருக்காது. கம்பி இடுக்கில் குட்டியின் மண்டை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், அதையும் பாருங்கள். தீனிக்கும் தண்ணீருக்கும் இரண்டிரண்டு இடம் வேண்டும். பெரியதை வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கினால் குட்டிகள் தீனியைப் பிடுங்குகின்றனவோ என்று பார்த்து, தனியாக வெளியே எடுத்து ஊட்டுங்கள். அப்படியும் இறங்கினால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.