செஸ் போட்டி: ஜெயித்த ஆட்டத்தைக் கோட்டை விடாமல் இருக்க

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பள்ளி ஹாலில் நடக்கும் போட்டிகளில் பின் மேஜைகளைச் சுற்றிப் பாருங்கள். ஓப்பனிங்கில் (ஆட்டத்தின் முதல் சில நகர்த்தல்களில்) தோற்பவர்களைவிட, ஒரு காய் கூடுதலாக வைத்துக்கொண்டு தோற்பவர்களே அதிகம் என்பது என் கணிப்பு.

ஓப்பனிங்கைச் சீக்கிரம் முடித்துவிடுவோம். இத்தாலியன் ஆட்டத்தில் (வெள்ளை தன் பிஷப்பை சி4-க்குக் கொண்டுவரும் தொடக்கம்), கறுப்பின் இரண்டு குதிரைகளும் வெளியே வந்தபின் வெள்ளைக் குதிரை ஜி5 கட்டத்துக்குப் பாயும். கறுப்பு சிப்பாயை டி5-க்குத் தள்ளும், வெள்ளை அதைச் சிப்பாயால் வெட்டும். நீங்கள் கறுப்பு என்றால், உடனே குதிரையால் திருப்பி வெட்டத்தான் கை போகும். வேண்டாம். எஃப்7-ல் குதிரையைப் பலி கொடுத்து உங்கள் ராஜாவை நடுப்பலகைக்கு இழுத்துவிடுவார்கள். சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு சிப்பாய் போகும், பரவாயில்லை.

நிஜமான தொல்லை கடைசியில்தான். உங்கள் சிப்பாய் எட்டாம் வரிசைக்கு வந்துவிட்டது, அதை ராணியாக மாற்ற வேண்டும். வெட்டுப்பட்ட உங்கள் ராணியை எதிராளி கையில் உருட்டிக்கொண்டிருக்கிறார். உங்களிடம் இருப்பதோ 40 வினாடி. அவசரத்தில் யானையை (ரூக்) தலைகீழாக வைத்து "ராணி" என்று சொல்லிக் கடிகாரத்தைத் தட்டுகிறீர்கள். ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) விதிப்படி அது யானைதான், வாயால் என்ன சொன்னாலும் சரி. சிப்பாயை மாற்றாமலே தட்டினால் அது ராணியாக்கப்படும், ஆனால் விதிமீறல் என்று எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். அதே ஆட்டத்தில் இன்னொரு விதிமீறல் என்றால் பொதுவாக ஆட்டமே போச்சு. கடிகாரத்தை நிறுத்தி ஆர்பிட்டரை (நடுவரை) கூப்பிட்டு ராணி கேளுங்கள். இதற்காக நிறுத்த விதியே இடம் தருகிறது, கூச்சப்பட ஒன்றுமில்லை.

ராணி கிடைத்ததும் அடுத்த கண்ணி. எதிராளியிடம் தனி ராஜா, அதுவும் ஏ8 மூலையில். உங்கள் ராணியை பி6-ல் வைத்தால் செக்கும் இல்லை, போக இடமும் இல்லை: ஸ்டேல்மேட், அதாவது டிரா, அரைப் புள்ளி காலி. மூலை ராஜாவிடமிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைக்காதீர்கள். வழி தெரியாமல் செக் மேல் செக் கொடுப்பதும் ஆபத்துதான். அதே நிலை மூன்றாம் முறை வந்தால் எதிராளி டிரா கேட்கலாம்.

கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் சேர்த்து நகர்த்துவது) செய்யும்போது ஒரே கையால், ராஜாவை முதலில் நகர்த்துங்கள். யானையைத் தொட்டபின் ராஜாவைத் தொட்டால் அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கேஸ்லிங் கிடையாது.

அப்புறம், மதிய இடைவேளையில் ஆம்பூர் பிரியாணியை ஒரு கட்டு கட்டிவிட்டு அடுத்த சுற்றுக்கு உட்காராதீர்கள். வேலூர் வெயிலில், மின்விசிறி எட்டாத மேஜை அமைந்தால் பதினைந்தாவது நகர்த்தலிலேயே கண் சொருகும். பரிசளிப்பு முடிந்து சாப்பிட்டுக்கொள்ளலாம்.