கோயிலுக்குக் காணிக்கை கேட்பது எப்படி: காவிரி டெல்டாவின் கத்தோலிக்கப் பங்குகளுக்கு

தேர் பவனிக்கு விளக்கு உபயம் என்றால் நான்கு பேர் முந்திக்கொண்டு வருவார்கள். அதே கோயிலின் கரண்ட் பில்லைக் கட்ட ஆள் கிடைப்பதில்லை. மக்களுக்கு மனமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. திருவிழாச் செலவு கண்ணில் படுகிறது, அன்றாடச் செலவு படுவதில்லை. அதனால் பணம் கேட்பதற்கு முன்னால் செலவைக் காட்டுங்கள்.

நிதிக்குழு உட்கார்ந்து ஒரே தாளில் ஆண்டுச் செலவை எழுதட்டும். உதாரணத்துக்கு 150 குடும்பமுள்ள ஒரு பங்கு, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயிலும் மக்களும்: உபதேசியார் (மறைக்கல்வி சொல்லித்தருபவர்) சம்பளம் 1,20,000, கோயில்பிள்ளை (பூசைக்கு வேண்டியதை எடுத்துவைப்பவர்) சம்பளம் 96,000, மின்கட்டணம் 36,000, கிளைக் கிராமங்களுக்குப் போய்வரப் பெட்ரோல் 36,000, பூசைக்கான அப்பம், திராட்சை இரசம், மெழுகுவர்த்தி 24,000, பராமரிப்பு 48,000. மொத்தம் 3,60,000 ரூபாய். குடும்பத்துக்கு மாதம் 200. இந்தத் தாளைக் கோயில் வாசலில் ஒட்டிவிட்டால், ‘எதுக்கு இவ்வளவு?’ என்ற கேள்வி பாதி அடங்கிவிடும். உண்டியலில் ஏற்கெனவே விழும் தொகையையும் அதிலேயே எழுதுங்கள். அதை மறைத்தால் தாளை யாரும் நம்பமாட்டார்கள்.

200 என்பது சராசரிக் கணக்குதான். அதையே எல்லார் தலையிலும் வரியாகப் போட்டால் நடவுக்குப் போகிற குடும்பம் நசுங்கும், பத்து ஏக்கர்காரர் சுலபமாகத் தப்பிப்பார். நிலமுள்ளவர் போகத்துக்கு ஒரு மா நிலத்துக்கு (ஏறக்குறைய ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) ஐந்து கிலோ நெல் அல்லது அதன் விலை, கூலிக்குப் போகிறவர் போகத்துக்கு ஒரு நாள் கூலி, மாதச் சம்பளக்காரர் மாதத்தில் அரை நாள் சம்பளம் என்று வழிகாட்டலாம். கட்டாயமாக்க வேண்டாம்.

எப்போது கேட்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. ஜூனில் கேட்காதீர்கள்: பள்ளிக் கட்டணமும் குறுவை நாற்றங்கால் செலவும் சேர்ந்து வரும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை எல்லாருடைய மனமும் காணிக்கையும் வேளாங்கண்ணித் திருவிழாவில் இருக்கும். சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது, அதை ஒட்டியே ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமும் வருகிறது. பொங்கல் முடிந்த ஞாயிறு அறிவித்துவிட்டு, தவக்காலத்தின் முதல் இரண்டு வாரத்தில் வாங்குங்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக்கு வரச் சில நாள் ஆகும். அந்த இடைவெளி இதிலேயே கிடைத்துவிடும்.

அறிவிப்பைப் பங்குத்தந்தை செய்வதைவிட, ஊரில் மதிப்புள்ள ஒரு பொதுநிலையினர் (குருவோ துறவியோ அல்லாதவர்) பூசை முடிவில் நன்றி மன்றாட்டுக்குப் பிறகு மூன்று நிமிடத்துக்குள் பேசுவது நல்லது. மறையுரையில் காசுப் பேச்சு வந்தால் மக்கள் காதை மூடிக்கொள்வார்கள். அந்த வாரமே அன்பியத்துக்கு (பங்கின் அக்கம்பக்கக் குடும்பக் குழுவுக்கு) இருவராக, ஒருவர் பெண்ணாக, வீடு வீடாகப் போக வேண்டும். சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “அக்கா, கோயில் செலவு இதுல எழுதியிருக்கு. உங்களால முடிஞ்சத இந்தச் சீட்டுல எழுதி, ஒட்டி, ஞாயித்துக்கிழமை காணிக்கைப் பெட்டியில போட்டுடுங்க.” வீட்டு வாசலில் பணம் வாங்கவே கூடாது. அக்கம்பக்கத்தார் பார்க்க ஒருவர் கையைச் சுருக்க நேர்ந்தால், அந்த வெட்கத்திலேயே அடுத்த ஞாயிறு பூசைக்கு வரமாட்டார்.

பெயருக்குப் பதில் எண் அச்சிட்ட 12 உறைகளைக் குடும்பத்துக்குக் கொடுங்கள். உண்டியலுக்கு இரண்டு பூட்டு, சாவிகள் இரண்டு பேரிடம். உறவில்லாத மூவர் அன்றே எண்ணிக் கையெழுத்திட்டு, மறு வேலைநாளில் வங்கியில் கட்ட வேண்டும். கியூஆர் கோடு பங்கின் கணக்குக்கே போகட்டும், தனியார் யார் பெயரிலும் வேண்டாம்.

நெல்லாக வருவதில் ஒரு சிக்கல் உண்டு. சன்ன ரகமும் மோட்டா ரகமும் கலந்துவிட்டால் விலை விழும். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் குவித்தால் சூடேறிக் கறுக்கும். அரசுக் கொள்முதலுக்குச் சாகுபடி செய்தவரின் நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் கேட்பார்கள், ஆகவே பல வீட்டு நெல்லை அங்கே போட முடியாது. ரகவாரியாகத் தனித்தனிச் சாக்கில் வாங்கி, அன்றே பூசை முடிந்ததும் ஏலம் விட்டுவிடுங்கள்.

ஓட்டுக்கூரைக்கென்று வாங்கிய பணத்தை மதில் கட்ட எடுக்காதீர்கள். குறித்த நோக்கத்துக்குத் தந்ததை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் 1267. மிச்சமானால் கொடுத்தவர்களிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

எங்களை மிகவும் வருத்துவது கோயில் வரிபாக்கிக்காகக் கல்யாண ஓலை (பூசையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க மறுப்பதும் அடக்கத்தைத் தாமதிப்பதும். ஏழ்மையால் எவருக்கும் ஞானஸ்நானம், திருமணம் போன்ற அருளடையாளம் மறுக்கப்படக் கூடாது என்று சட்டம் 848 தெளிவாகச் சொல்கிறது. பாக்கிப் பட்டியலைப் பீடத்திலிருந்து வாசிப்பதையும் இன்றே நிறுத்துங்கள். அப்படி வசூலாகும் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு குடும்பத்தையே இழக்கிறோம். பாக்கி உள்ள வீட்டுக்கு அன்பியப் பொறுப்பாளர் தனியாகப் போய் நலம் விசாரிக்கட்டும். பயிர் மூழ்கிய ஆண்டாக இருந்தால் பாக்கியைத் தள்ளிவிடுங்கள்.

வளைகுடாவிலிருக்கும் பிள்ளைகள் இந்தியக் குடிமக்களாக இருந்து, தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால் ஆகும். அதற்கு மத்திய அரசின் பதிவும் தனிக் கணக்கும் வேண்டும். ஆயரகத்தை (மறைமாவட்ட ஆயரின் அலுவலகத்தை) கேட்காமல் அந்தப் பணத்தை வாங்கவே வேண்டாம்.